டியூப் ஆம்பை உசுப்ப எந்தப் பெடல்?

கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்பவர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்துவார். குழாய் ஸ்பீக்கரில் குரல் பிளந்து, கரகரவென்று ஊர் முழுக்கக் கேட்கும். மைக்செட்காரர் ஓடிவந்து குமிழைக் குறைப்பார். அவருக்கு அது தொல்லை. கிட்டார் வாசிக்கும் எங்களுக்கோ அந்தக் கரகரப்புதான் வேண்டும். அதற்காகக் கைக்காசு போட்டு, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் செருகிக் காலால் மிதிக்கும் பெடல் என்ற சிறு பெட்டியை வாங்குகிறோம். உள்ளே வரும் சிக்னல் தாங்கும் அளவைத் தாண்டும்போது, ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப் அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. ஓவர்டிரைவ் என்பது அவ்வளவுதான்.

பெரியவர்கள் வால்வு என்று சொல்லும் டியூப், அந்த உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுங்கடிக்கும். அதனால் விரலை மென்மையாக வைத்தால் தெளிவாகவும், அழுத்தி அடித்தால் உறுமலாகவும் பேசும். இந்தக் குணத்துக்காகத்தான் கனமான, சூடேறுகிற, பராமரிப்புக் கேட்கிற அந்தப் பெட்டியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம். சரி, அப்படியிருக்க அதன் முன்னால் ஓவர்டிரைவ் பெடல் எதற்கு?

இரண்டு வேலைகளுக்கு. ஒன்று, ஆம்பைத் தெளிவாக வைத்துக்கொண்டு கரகரப்பை முழுக்கப் பெடலிலேயே உண்டாக்குவது. இன்னொன்று, ஏற்கெனவே உடையத் தொடங்கியிருக்கும் ஆம்பைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுவது. பெடலும் குமிழ்களும் அவையேதான், ஆனால் முதல் வேலையில் கெட்டிக்காரப் பெடல் இரண்டாம் வேலையில் சொதப்பும். நான் இது தெரியாமல்தான் முதல் பெடலை வாங்கினேன். கடையில் இருந்தது டிரான்சிஸ்டர் ஆம்ப். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழை, கடிகார முள் மூன்று மணி காட்டும் இடத்துக்குத் திருப்பி வாசித்தால் தேன். வீட்டுக்கு வந்து என் 15 வாட் டியூப் ஆம்பில் அதே அமைப்பில் போட்டேன். குழைந்துபோன சாதம் மாதிரி ஒரு சுரமும் தனியாக நிற்கவில்லை. பெடல் மேல் குற்றமில்லை. ஆம்ப் செய்ய வேண்டிய வேலையைப் பெடலையும் செய்யச் சொன்னேன், இரண்டும் சேர்ந்து செய்தன. இந்தக் கட்டுரை இரண்டாம் வேலைக்கான பெடல்களைப் பற்றியது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது பிக்கப். அதில் ஒற்றைச் சுருள் வகையான சிங்கிள் காயில் தருவது பொதுவாக 0.1 முதல் 0.2 வோல்ட். இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கர் கூடுதலாகத் தரும். ஆம்பில் முதலில் நிற்கும் 12ஏஎக்ஸ்7 டியூப், வழக்கமான சுற்றுகளில், ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வரை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆக, கிட்டாரை மட்டும் செருகினால் முதல் டியூபுக்கு வியர்க்கவே வியர்க்காது. பெடல் 20 டெசிபெல் ஏற்றினால் சிக்னல் 10 மடங்காகிறது. அப்போதுதான் அந்த டியூபும், அதைவிட முக்கியமாக அதற்கு அடுத்த டியூபும் திணறத் தொடங்கும்.

இங்கே பலர் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான ஆம்ப்களில் வால்யூம் குமிழ் முதல் டியூபுக்குப் பின்னால் இருக்கிறது. அதை 2இல் வைத்துவிட்டு முன்னால் எவ்வளவு தள்ளினாலும், தள்ளியதில் பெரும்பகுதி அந்தக் குமிழிலேயே நின்றுவிடும். சத்தம் கூடும், குணம் மாறாது. எனவே பெடலை யோசிக்கும் முன் ஆம்பை மென்மையாக மீட்டினால் தெளிவும், ஓங்கி அடித்தால் உடைசலும் வரும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 85 வாட் ஃபென்டர் ட்வின் ரிவெர்பில் அந்த இடம் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். அதன் முன் எந்தப் பூஸ்ட், அதாவது சிக்னலை ஏற்றித் தரும் பெடல், வைத்தாலும் பெரும்பாலும் சத்தம்தான் ஏறும். 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப், 15 வாட் ப்ளூஸ் ஜூனியர், வாக்ஸ் ஏசி15 போன்றவற்றில் பாதி வழியிலேயே அந்த இடம் வந்துவிடும். அதற்கு மேல் தள்ளினால் சத்தம் அதிகம் கூடாது, கரகரப்புதான் கூடும். சோலோவில் உரக்கக் கேட்க வேண்டும் என்று பூஸ்ட் வாங்கி, "சத்தமே ஏறலையே" என்று ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறிய ஆம்ப்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது, ஆம்பின் முன்பெருக்கிக்குப் பின்னால் பெடல் செருகும் இடமான எஃபெக்ட்ஸ் லூப்பில் வைக்கிற பூஸ்ட். லூப் இல்லாத ஆம்ப் என்றால் வேறு வழி தேட வேண்டும்.

இனி பெடல்கள். டியூப் ஸ்க்ரீமரை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. ஜப்பானில் மேக்ஸான் பெடல்களைச் செய்த நிறுவனத்தில் சுசுமு தமுரா வடிவமைத்தது. ஐபனேஸ் பெயரில் 1970களின் கடைசியில் டிஎஸ்808 ஆகவும், 1982இல் டிஎஸ்9 ஆகவும் வந்தது. பெயரில் டியூப் இருக்கிறதே தவிர உள்ளே டியூப் கிடையாது. சிக்னலைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப் சில்லு, அலையின் உச்சியை வெட்ட எதிரெதிராக வைத்த இரண்டு சிலிக்கான் டயோடுகள். அதன் புகழுக்குக் காரணம் டயோடுகள் என்று சொல்வார்கள். பூஸ்ட் வேலையைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும்தான் காரணம். அவை இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றுக்குப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகின்றன. கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் அடிநாதத்துக்கு இந்தப் பெடலில் பெரிய ஏற்றம் கிடைப்பதில்லை. ஏற்றமெல்லாம் நடுப்பகுதிக்கு, அதாவது மிட்ஸுக்கு.

இது ஏன் முக்கியம்? டியூப் ஆம்பைத் திணறடிக்கும்போது முதலில் குழைவது பேஸ். கீழ்ச்சுரங்களின் அலை பெரியது. அது டியூபின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டால் மேலே இருக்கும் சுரங்கள் அதற்குள் புதைந்துபோகும். டியூப் ஸ்க்ரீமர் பேஸை வாசலிலேயே நிறுத்திவிடுவதால் உள்ளே போவது மெலிந்த, இறுக்கமான சிக்னல். ஆம்பின் டியூப்களும் ஸ்பீக்கரும் அதற்குச் சதை போடும். மெட்டல் வாசிப்பவர்கள் ஏற்கெனவே கரகரப்பு வழியும் மெஸா ரெக்டிஃபையர் போன்ற ஆம்பின் முன் இந்தப் பெடலை வைத்து, டிரைவைச் சுழியத்துக்கும், வெளியே போகும் அளவைக் கூட்டும் லெவலை உச்சத்துக்கும் திருப்புவது இதற்காகத்தான். அவர்களுக்குக் கூடுதல் கரகரப்பு வேண்டாம். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் ரிஃப் மழுங்காமல் "டக் டக்" என்று விழ வேண்டும். அதே பெடலை ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபென்டர் ஆம்ப்களின் முன் வைத்தபோது நடந்தது வேறு. ஃபென்டர் டோன் அமைப்பு இயல்பாகவே மிட்ஸைப் பள்ளமாக வைத்திருக்கும். பெடலின் மேடு சரியாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

டிரைவ் சுழியத்தில் இருந்தாலும் இந்தப் பெடல் முழுக்கத் தெளிவான பூஸ்ட் இல்லை. அந்த நிலையிலும் நடுப்பகுதிக்கு ஏறக்குறைய 12 மடங்கு பெருக்கம் இருக்கிறது, 0.1 வோல்ட் உள்ளே போனால் டயோடுகள் விழித்துக்கொள்ளும். ஓங்கி அடிக்கும் அடி லேசாக அமுங்கித்தான் வெளியே வரும். சோலோவுக்கு அது நல்லது. விரல் அழுத்தத்திலேயே உலகத்தைக் காட்ட நினைப்பவர்களுக்கு அது எரிச்சல்.

808ஆ 9ஆ என்ற சண்டைக்கு வருவோம். இரண்டுக்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடு வெளிவாசலில் இருக்கும் இரண்டு மின்தடைகள். காது வேறுபாடு சொல்லலாம். ஆனால் பழைய 808க்குக் கேட்கிற விலையில் ஒரு நல்ல ஆம்பே வாங்கிவிடலாம். ஜேஆர்சி4558 என்ற ஆப்-ஆம்ப் சில்லு இருந்தால்தான் அந்த ஒலி வரும் என்பதையும் நான் நம்புவதில்லை. இதன் சிறிய வடிவமான டிஎஸ் மினியை எடுத்தாலும் பூஸ்ட் வேலை நடக்கும். பேட்டரி போட முடியாது, அவ்வளவுதான்.

இதன் குறை? மூன்று பேர் கொண்ட இசைக்குழுவில் வாசிக்கும்போது பெடலை மிதித்தவுடன் அடிவயிறு காணாமல் போகும். சிறிய ஸ்பீக்கர் உள்ள ஆம்பில், சிங்கிள் காயிலுடன், மெல்லிய சத்தத்தில் வாசித்தால் மூக்கால் பேசுவது போலிருக்கும்.

பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 அதற்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1981இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. டயோடு இரண்டுக்குப் பதில் மூன்று: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு அளவில் வெட்டப்படுவதால் கொஞ்சம் கரடுமுரடான, திறந்த ஒலி. பேஸை வடிகட்டும் குணம் இதிலும் உண்டு. ஆஸி ஆஸ்போர்னிடம் வாசித்த ஸாக் வைல்ட் இதை மார்ஷல் ஜேசிஎம்800 முன்னால் வைத்து வாசித்ததை எல்லோரும் சொல்வார்கள். மார்ஷல்காரர்கள் பலர் இதையே கேட்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் விலை. டியூப் ஸ்க்ரீமரைவிட இது வழக்கமாக நன்றாகவே மலிவு. தனியாகக் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றி, உடைந்துகொண்டிருக்கும் ஆம்பில் விட்டால் அந்தப் பிரிவு சுருங்கிவிடும். அப்புறம் விலை வேறுபாடுதான் உரக்கப் பேசும்.

அதே நிறுவனத்தின் ப்ளூஸ் டிரைவர் பிடி-2 (1995) நல்ல பெடல், ஆனால் இந்த வேலைக்கு நான் முதலில் சொல்ல மாட்டேன். பேஸும், மேல்பகுதியான ட்ரெபிளும் அகலமாகத் திறந்திருக்கும். தெளிவான ஆம்பின் முன் அது அழகு. திணறும் ஆம்பின் முன் கீழே குழைந்து, மேலே சீறும்.

க்ளான் சென்டாரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பில் ஃபினிகன் 1994 முதல் கையால் செய்து விற்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி சுற்றின் மேல் பிசின் ஊற்றி மூடிவைத்தார். இன்று பழையது ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. 2012இல் வந்த கேடிஆர் பதிப்பின் முகப்பிலேயே, இந்தப் பித்துக்குத் தான் பொறுப்பில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை அச்சிட்டுவிட்டார் மனுஷன். எனக்கு அந்தப் பெடலைவிட அந்த வாக்கியம் பிடிக்கும்.

பித்தை ஒதுக்கிவிட்டுச் சுற்றைப் பார்த்தால், பூஸ்ட் வேலைக்கென்றே யோசித்துச் செய்த இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, உள்ளே வரும் 9 வோல்ட்டைப் பெடலே இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. அதனால் வெளியே தள்ளும் சிக்னல் பெரிதாக இருந்தாலும் பெடல் தானாகத் திணறுவதில்லை. இரண்டு, கெயின் குமிழைக் குறைக்கக் குறைக்கக் கரகரப்பு குறைவதோடு தெளிவான சிக்னலின் பங்கும் கூடுகிறது. கெயினைக் கீழே வைத்து அவுட்புட்டை ஏற்றினால் கிட்டாரின் உடம்பு அப்படியே இருக்கும், மிட்ஸ் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். டியூப் ஸ்க்ரீமரின் மூக்கொலி பிடிக்காதவர்களுக்கு இது பதில். அசல் தேவையில்லை, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் சோல் ஃபுட், வாம்ப்ளர் டும்னஸ் போன்றவை இதே வழியில் வந்தவை. ஒரு எச்சரிக்கை: சில பூஸ்ட்களுக்கு 18 வோல்ட் கொடுக்கலாம் என்பதைக் கேள்விப்பட்டு இந்த வகைக்கும் கொடுத்துவிடாதீர்கள். தானே இரட்டிப்பாக்கும் சில்லு அந்த மின்னழுத்தத்தில் கருகிவிடக்கூடும்.

இனி, கரகரப்பே இல்லாத பூஸ்ட். எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்பில் ஒரே ஒரு குமிழ். 26 டெசிபெல் வரை, அதாவது 20 மடங்கு. ஸோடிக் இபி பூஸ்டர் 20 டெசிபெல் வரை. எக்கோப்ளெக்ஸ் இபி-3 என்ற பழைய டேப் எக்கோ கருவியின் முன்பெருக்கியைப் பின்பற்றியது. சொந்த ஆம்பின் ஒலி ஏற்கெனவே பிடித்திருக்கிறது, அதுவே இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் இவைதான். சிங்கிள் காயில் கிட்டார் மெலிந்து கேட்கும்போது அருமை. ஹம்பக்கர் கிட்டாரை 15 வாட் ஆம்பில் போட்டு மைக்ரோ ஆம்பை மிதித்தால் பழைய சாதக் கதைதான். பேஸைத் தடுக்க வாசலில் ஆளில்லையே.

இதற்கு நேர் எதிர் துருவம் ட்ரெபிள் பூஸ்டர். 1960களில் லண்டனில் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற பெயரில் வந்தது. காலால் மிதிக்கும் பெடல்கூட இல்லை, ஆம்பின் தலைமேல் உட்காரும் சிறிய பெட்டி. உள்ளே ஓசி44 என்ற ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். பிளாக் சபாத்தின் டோனி அயோமி லேனி ஆம்பின் முன் வைத்து வாசித்தது இந்த வகைதான். குயீன் குழுவின் பிரையன் மே வாக்ஸ் ஏசி30இல் ட்ரெபிள் பூஸ்டரை எப்போதும் போட்டே வைத்து, கரகரப்பைக் கிட்டாரின் வால்யூம் குமிழால் மட்டும் ஏற்றி இறக்கினார். குமிழைக் குறைத்தால் மணி மாதிரித் தெளிவு, முழுக்கத் திறந்தால் பாடும் சோலோ. பெயரைப் பார்த்து, காதைக் கிழிக்கும் என்று பயப்பட வேண்டாம். உடைந்துகொண்டிருக்கும் டியூபில் போய்ச் சேரும்போது அந்த ட்ரெபிள் தடித்த மிட்ஸாக மாறிவிடும்.

வாக்ஸ் வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பாடு உண்டு. கிட்டாரிலிருந்து நேராக இதற்குள் வர வேண்டும். நடுவில் பஃபர், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி வலுவாகத் தரும் சுற்று, உள்ள பெடல் இருந்தால் குணம் கெடும். பழைய வடிவத்தில் செய்தவை பலவும், மற்றப் பெடல்களுக்கு நேர் எதிராக மின்சாரம் இணைக்கும் நேர்மின் தரை அமைப்பு. மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்க முடியாது, பேட்டரியோ தனி மின்சாரமோ வேண்டும். அப்புறம் ஜெர்மானியம் வெப்பத்துக்கு மயங்கும். மே மாதச் சென்னையில் மொட்டைமாடிக் கச்சேரி என்றால் மதியம் சரிபார்த்த ஒலி மாலையில் இருக்காது. சிலிக்கானில் செய்தவை இருக்கின்றன. எனக்கு அவையே போதும்.

யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் ஜிஇ-7. இது ஓவர்டிரைவே இல்லை, ஏழு பட்டை ஈக்வலைசர். 100இல் தொடங்கி 6,400 ஹெர்ட்ஸ் வரை ஏழு நழுவிகள், ஒவ்வொன்றும் 15 டெசிபெல் மேலும் கீழும் போகும். எட்டாவதாக லெவலும் உண்டு. 100ஐயும் 200ஐயும் இறக்கி, 800ஐ ஏற்றி, லெவலைத் தூக்கினால் டயோடு இல்லாத டியூப் ஸ்க்ரீமர். எல்லாவற்றையும் நடுவில் விட்டு லெவலை மட்டும் தூக்கினால் தெளிவான பூஸ்ட். மேல்பக்க நழுவிகளை ஏற்றிக் கீழ்ப்பக்கத்தை இறக்கினால் ட்ரெபிள் பூஸ்டரின் தூரத்துச் சொந்தம். அதிகம் ஏற்றினால் இரைச்சல் வரும், உண்மைதான். ஆனால் உங்கள் ஆம்ப் எதைக் கேட்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்குங்கள். ஆம்பை உடையும் இடத்தில் வைத்து, நழுவிகளை நகர்த்திப் பாருங்கள். 800ஐ ஏற்றியபோது முகம் மலர்ந்தால் டியூப் ஸ்க்ரீமரோ எஸ்டி-1ஓ. எதையும் நகர்த்தப் பிடிக்கவில்லை என்றால் மைக்ரோ ஆம்பும் இபி பூஸ்டரும். பேஸைத் துளி குறைத்து, மிட்ஸைத் துளி ஏற்றினால் போதும் என்றால் க்ளான் வகை.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது உங்கள் கிட்டாரையாவது எடுத்துப் போங்கள். ஆம்ப் உங்களுடையது போலவே டியூப் ஆம்பாக இருக்கட்டும். பூஸ்ட் போட்டதும் சத்தம் ஏறினால் காது "இதுதான் நல்லது" என்று சொல்லிவிடும், நம்பாதீர்கள். இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது இரண்டின் லெவலையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள்.

இப்படித் தள்ளினால் ஆம்ப் கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். பெடலிலிருந்து வரும் ஓரிரு வோல்ட், உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் புழங்கும் ஆம்பை எதுவும் செய்யாது. கவனிக்க வேண்டியது ஸ்பீக்கரை. 15 வாட் ஆம்ப் முழுக்கத் திணறும்போது 15 வாட்டுக்கு மேலும் தள்ளும். ஸ்பீக்கர் மாற்றும் எண்ணம் இருந்தால் 15 வாட் தாங்குவதாக வாங்காமல், இரட்டிப்பாவது தாங்குவதாக வாங்குங்கள்.

என் 15 வாட் ஆம்பின் முன் இப்போது கிடப்பது பழைய எஸ்டி-1 ஒன்று. டிரைவ் ஏழு மணியில், அதாவது சுழியத்தில், லெவல் இரண்டு மணியில், டோன் பதினொன்றில். சிங்கிள் காயில் உள்ள ஸ்ட்ராட் கிட்டார் வாசிக்கும் நாள்களில் டோனைக் கொஞ்சம் இறக்குவேன். இந்த முடிவுக்கு வர உதவிய ஜிஇ-7ஐ, தன் ஆம்ப் எதைக் கேட்கிறது என்று பார்க்க நண்பர் ஒருவர் ஒரு வாரத்துக்கென்று வாங்கிக்கொண்டு போனார். ஏழு மாதமாகிறது. அவருடைய ஆம்ப் இன்னும் எதையும் கேட்கவில்லை போல.